உடைந்த குடை, பழைய ட்யூப், பெயிண்ட் வாளி: ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு)ப் போடும் முன் வீட்டிலேயே செய்யக்கூடியவை

குமரி மாவட்டத்தில் ஆண்டுக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்கு. மார்த்தாண்டம், தக்கலை, குலசேகரம் பக்கத்து வீடுகளில் கழித்துக்கட்டும் பொருள்களும் இந்த மழைக்கும் விளைக்கும் (தோப்புக்கும்) ஏற்றவைதான்: கம்பி ஒடிந்த குடை, பஞ்சரான ட்யூப், வெளுத்த பருத்திச் சேலை, பெயிண்ட் வாளி, அரிசிச் சாக்கு, சிரட்டை. இவை ஒவ்வொன்றையும் வைத்து உண்மையிலேயே சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய ஒன்றைச் செய்யும் முறை இங்கே இருக்கிறது. பாட்டிலில் பூ வரைவது, சி.டி.யைச் சுவரில் ஒட்டுவது போன்றவை இதில் இல்லை. அவை மூன்று மாதம் தூசி பிடித்துவிட்டு அதே குப்பைக்குத்தான் போகும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்தப் பொருள் இதுவரை என்ன வேலை செய்தது என்பது. குடைத்துணி மழையைத் தள்ளியது. ட்யூப் காற்றைப் பிடித்து வைத்தது, இழுபட்டுக் கொடுத்தது. பருத்தி ஈரத்தை உறிஞ்சியது. இரண்டாவது வாழ்விலும் அதே வேலையைக் கொடுத்தால் பொருள் நிலைக்கும். பாலியஸ்டர் சேலையில் கால்மிதி செய்தால் அது தண்ணீரை உறிஞ்சாது, வழுக்கவும் செய்யும். சாக்கை மொட்டைமாடி வெயிலில் தொட்டியாக வைத்தால் அடுத்த மழைக்குள் நூல் நூலாகப் பிரிந்து மண்ணோடு கலந்துவிடும். தோற்றுப்போகும் மறுபயன்பாடுகளில் பெரும்பாலானவை கைவேலைக் குறையால் அல்ல, பொருளின் குணத்துக்கு எதிராகப் போனதால்தான் தோற்கின்றன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு, பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவற்றை வீட்டில் அடைத்து வைக்காதீர்கள், ஆக்கர் கடைக்கே கொடுங்கள். பழைய அலுமினியத்தை உருக்கி எடுக்க, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். உலோகம் எத்தனை முறை உருகினாலும் தரம் பெரிதாகக் குறையாது. பிளாஸ்டிக்கும் துணியும் அப்படியல்ல. அவை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படி கீழே இறங்கும். பல அடுக்கு கொண்ட உறைகளை யாரும் விலைக்கு எடுப்பதுகூட இல்லை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனையானாலும், இந்தப் பக்கம் வரும் தூய்மைக் காவலரானாலும், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கைத்தான் அவர்களால் பிரித்துச் சேர்க்க முடியும். ஆகவே நாம் கைவைக்க வேண்டியவை துணி, ரப்பர், கனமான பிளாஸ்டிக், கண்ணாடி, சிரட்டை.

கருவிகள் அதிகம் வேண்டாம். கூரான கத்தரிக்கோல், சாக்கு தைக்கும் கோணி ஊசி, வலை பின்னும் நைலான் நூல் ஒரு கண்டு, 8 மி.மீ. துளை போட டிரில் அல்லது பழுக்கக் காய்ச்சிய ஆணி, ஒரு மெழுகுவர்த்தித் துண்டு. நைலான் நூல் குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் வலைச் சாமான் கடைகளில் கிடைக்கும். சாதாரணத் தையல் நூல் ஈரத்தில் இற்றுவிடும் என்பதால் இந்த நூலில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குடைத்துணியில் ஸ்கூட்டர் சீட் உறை

ஒடிவது கம்பிதான். துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். முதலில் துணியை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் நீர் தள்ளும் பூச்சு போய்விட்டது என்று பொருள். அந்தத் துணி மழைக்கு ஆகாது. சந்தைப் பை தைக்கலாம். பூச்சு நன்றாக இருந்தால் மேலே செல்லலாம்.

1. கம்பி முனைகள் எட்டிலும் துணியைப் பிடித்திருக்கும் நூலை மட்டும் வெட்டுங்கள். ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் ஒன்றிரண்டு முடிச்சுகள் இருக்கும், அவற்றையும் வெட்டுங்கள். உச்சிக் குமிழைத் திருகி எடுங்கள். திருகவே வராவிட்டால் குமிழை ஒட்டித் துணியை வட்டமாக வெட்டி எடுத்துவிடலாம்.

2. சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். சுடுதண்ணீரும் இஸ்திரிப் பெட்டியும் பூச்சை உரித்துவிடும்.

3. உச்சியில் இருந்த துளையை அடைப்பதுதான் முக்கியமான வேலை. உறை ஒழுகினால் அந்த இடத்தில்தான் ஒழுகும். இன்னொரு பழைய குடையின் துணியிலிருந்து 6 செ.மீ. வட்டம் இரண்டு வெட்டி, ஒன்றை மேலும் ஒன்றைக் கீழும் வைத்து, நெருக்கமாக இரண்டு சுற்று தைக்கவும்.

4. தையலின் மேல் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். எவர்சில்வர் டம்ளரில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, டம்ளரைத் துணிவைத்துப் பிடித்து, அதன் அடியால் மெழுகின் மேல் மட்டும் லேசாகத் தடவுங்கள். மெழுகு இளகி ஊசித்துளைக்குள் இறங்கும். துணியின் பழைய தையல் வரிகள் எட்டுக்கும் இதையே செய்யுங்கள்.

5. துணியின் நடுப்பகுதி சீட்டின் நடுவில் வரும்படி விரித்து, நான்கு புறமும் 15 செ.மீ. தொங்கும்படி சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டுங்கள். ஓரத்தை 2 செ.மீ. மடித்துத் தைக்கவும். 3 செ.மீ. வாய் விட்டு, அதன் வழியே எலாஸ்டிக் நாடாவைக் கோத்து, சீட்டில் மாட்டிப் பார்த்து இறுக்கி முடிச்சுப் போடவும்.

இது வண்டி நிற்கும்போது போடும் உறை. இதன்மேல் உட்கார்ந்து ஓட்டினால் வழுக்கும். மழை நின்றதும் கழற்றிவிடுங்கள். இரவு முழுக்க மூடியே கிடந்தால் அடியில் தங்கும் ஈரத்தால் சீட் பஞ்சு பூஞ்சை பிடிக்கும்.

நீளக்குடையின் கம்பிகள் தொட்டியில் பயறு, பாகல் படர ஊன்ற உதவும். மேல்முனையை இடுக்கியால் வளையமாக மடக்கிவிட்டுத்தான் ஊன்ற வேண்டும். குனிந்து களை எடுக்கும்போது கண்ணில் குத்தும் உயரம் அது. மூன்றாக மடியும் குடையின் கம்பிகள் எதற்கும் ஆகாது, கடைக்கே போகட்டும்.

ட்யூப் ரப்பர்

சைக்கிள், பைக் ட்யூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். பணம் கட்டும் ரப்பர் பேண்டு போல வெயிலில் சீக்கிரம் வெடித்துப்போகாது. வாயை ஒட்டி வெட்டி வால்வை நீக்கி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கத்தரிக்கோலின் அலகைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் ரப்பர் ஒட்டாமல் நேராக வரும். பிளக்காமல் குறுக்கே வெட்டினால் வளையங்கள் கிடைக்கும். 1 செ.மீ. அகல வளையம் சாக்கு வாய் கட்ட, 3 செ.மீ. வளையம் இறுகிய ஜாடி மூடியைத் திறக்கப் பிடிமானமாக. நீளவாக்கில் 3 செ.மீ. அகலத்தில் வெட்டிய பட்டை, வண்டியின் பின்னால் சுமை கட்டும் கயிறாகும். முடிச்சுப் போடும் இடத்தில் ரப்பர் தானாக அவிழும் என்பதால் முனைகளில் துளையிடாமல், முனையை மடித்து நைலான் நூலால் பத்து சுற்றாவது இறுக்கிக் கட்டிக் கண்ணி ஆக்குங்கள். துளை போட்டால் அந்தத் துளையிலிருந்தே கிழியும்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் பி.வி.சி. குழாயில் ஊசித்துளை ஒழுக்கு இருந்தால், பிளம்பர் வரும்வரை இந்தப் பட்டையே போதும். தண்ணீரை அடைத்து, குழாயைத் துடைத்து, துளைக்கு ஒரு சாண் முன்னாலிருந்து தொடங்கி, பட்டையை அதன் இரட்டை நீளத்துக்கு இழுத்தபடியே ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு சுற்றி, துளைக்கு ஒரு சாண் அப்பால் முடித்து நூலால் கட்டவும். இழுக்காமல் சுற்றினால் எத்தனை சுற்று போட்டாலும் கசியும். மோட்டாரிலிருந்து மேலேறும் குழாயில் அழுத்தம் அதிகம், அங்கே இது நிற்காது.

ஒரு சேலையில் ஒரு கால்மிதி

துணி பருத்திதானா என்பதை ஓரத்து நூல் ஒன்றை எரித்துப் பாருங்கள். பருத்தி காகித வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகும். கலப்புத் துணி இரண்டும் செய்யும். மணி தெரிந்தால் அந்தத் துணியைக் கால்மிதிக்கு எடுக்க வேண்டாம்.

ஐந்தரை மீட்டர் சேலையை நீளவாக்கில் 6 செ.மீ. பட்டைகளாகக் கிழியுங்கள். ஓரத்தில் ஒரு சிறு வெட்டு கொடுத்தால் கையாலேயே நேராகக் கிழியும். சுமார் 19 பட்டைகள் வரும். கரையையும் ஜரிகையையும் தனியே எடுத்துவிடுங்கள். மூன்று மூன்றாகச் சேர்த்துச் சடை பின்னினால் ஒவ்வொரு சடையும் ஏறக்குறைய 4 மீட்டர் இருக்கும். பின்னலில் கால் பங்கு நீளம் போகும். ஒரு சடை தீரும்போது அடுத்த மூன்று பட்டைகளின் முனைகளை வெவ்வேறு இடத்தில் இணைத்துத் தையுங்கள். மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே முடிச்சு புடைத்துக் காலில் தட்டும்.

சமதளமான மேசையில் அல்லது தரையில் வைத்துச் சுருட்டுங்கள், மடியில் வேண்டாம். கோணி ஊசியால் ஒரு சடையின் உள்கண்ணியையும் பக்கத்துச் சடையின் கண்ணியையும் மாறி மாறிக் கோத்துச் செல்ல வேண்டும். நூல் மேலே தெரிந்தால் மிதிபட்டு அறுந்துவிடும். வளைவில் சடையை இழுத்துத் தைத்தால் கால்மிதி கிண்ணமாகக் குழியும். மிகவும் தளரவிட்டால் ஓரம் அலையலையாக எழும்பும். குழிவதாகத் தெரிந்தால் அடுத்த சுற்றில் வெளிச்சடைக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் கொடுங்கள். நாலைந்து சுற்று தாண்டிவிட்டால் பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. ஒரு சேலையில் 60 செ.மீ. விட்டத்துக்கு வட்டம் தாராளமாக வரும். அடியில் நான்கு இடத்தில் ட்யூப் துண்டுகளைத் தைத்துவிட்டால் மொசைக் தரையிலும் டைல்ஸிலும் நகராது.

இரண்டு சேலையைச் சேர்த்துக் கனமாகப் பின்ன ஆசை வரும். வேண்டாம். நம் ஊர் மழைக்காலத்தில் கனமான கால்மிதி வாரக்கணக்கில் காயாது, முடைநாற்றம் அடிக்கும். மெல்லியதாக இரண்டு செய்து மாற்றிப் போடுவதே சரி.

பெயிண்ட் வாளியில் உரம்

20 லிட்டர் வாளி இரண்டு வேண்டும். எமல்ஷன் இருந்த வாளியாகப் பாருங்கள். எண்ணெய் சேர்ந்த எனாமல் பெயிண்ட் இருந்ததைக் காய்கறிக்குப் போகும் எதற்கும் எடுக்காதீர்கள். எமல்ஷன் வாளியும் குடிதண்ணீர், அரிசி, ஊறுகாய் வைக்க ஆகாது. பெயிண்ட் கெடாமலிருக்க அதில் கிருமிகொல்லிகள் சேர்த்திருப்பார்கள். வாளியைக் கழுவி அந்தத் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றுவதைவிட, மூடியைத் திறந்து வெயிலில் வையுங்கள். மிச்சப் பெயிண்ட் காய்ந்து தோலாக உரிந்து வரும்.

அடியில் எட்டுத் துளை. பக்கவாட்டில் மூன்று வரிசையாக, ஒரு சாண் இடைவெளியில் துளைகள். எல்லாம் 8 மி.மீ. இரண்டு செங்கல் மேல் வாளியை ஏற்றி, கீழே ஒரு பழைய தட்டு வையுங்கள். மழைச்சாரல் அடிக்காத இடமாக இருக்கட்டும்.

அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தென்னை நார்த்தூள் அல்லது காய்ந்த இலை. பிறகு தினமும் சமையலறைக் கழிவு ஒரு பங்கு போட்டால் அதன்மேல் காய்ந்த பொருள் இரண்டு பங்கு. எடையில் அல்ல, கொள்ளளவில். கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டால் மட்கும் காலம் நன்றாகக் குறையும். பலாச்சக்கை மடலை முழுசாகப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். தொடக்கத்தில் ஒரு கை பழைய உரமோ சாணமோ, இல்லையென்றால் ஒரு டம்ளர் புளித்த மோரோ தெளிக்கவும். மூன்று நாளுக்கு ஒருமுறை கம்பால் கிளறவும். வாளி நிறைந்ததும் மூடிவைத்து அடுத்த வாளியைத் தொடங்குங்கள். நிறைந்த வாளி இரண்டு முதல் மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுத்து உதிரும்.

நார்த்தூள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடற்கரைக் காயல்களில் ஊறிய மட்டையிலிருந்து வரும் தூளில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்துங்கள். உப்பு தங்கிய உரத்தில் மிளகாய் நாற்றின் இலை ஓரம் கருகும்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிக் காற்று போகவில்லை. மூடியைத் திறந்து, கிளறி, காய்ந்த இலையைத் தாராளமாகச் சேருங்கள். கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் சொட்டுவதே சரியான ஈரம். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளிக்கவும். கொழுத்த பழுப்புப் புழுக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படைவீரன் ஈயின் புழு அது, கழிவை வேகமாகத் தின்று மட்கச் செய்யும்.

மீன் கழிவு இந்த வாளிக்குள் போகக்கூடாது. நாற்றம் எழும், பூனையும் பெருச்சாளியும் வாளியைக் கவிழ்க்கும். அதற்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் ஜாடி: செதில், குடல், தலை எடைக்குச் சமமாகப் பொடித்த வெல்லம் கலந்து, ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு மூடி, நிழலில் வையுங்கள். முதல் வாரம் தினமும் மூடியைச் சற்றே தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். இதனால்தான் கண்ணாடி ஜாடி ஆகாது, வெடிக்கக்கூடும். 40 நாளில் தேன் நிறத்தில் தெளிவு வரும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. கலந்து இலைமேல் தெளிக்கலாம்.

அரிசிச் சாக்கில் இஞ்சி

பாலிப்ரொப்பிலீன் சாக்குக்கு வெயில் எதிரி. இஞ்சிக்கு முழு வெயில் வேண்டாம். தென்னை, வாழை நிழலில் இரண்டும் ஒத்துப்போகும். மே மாதம், மழை பிடிக்கும் முன் தொடங்குங்கள்.

25 கிலோ சாக்கின் வாயை வெளிப்புறமாகச் சுருட்டி 35 செ.மீ. உயரத்துக்கு இறக்கவும். பளபளப்பான படம் அச்சிட்ட சாக்கு என்றால் மேலே ஒரு ஏடு ஒட்டியிருக்கும், தண்ணீர் வடியாது. அடியிலும் பக்கத்திலும் பத்துத் துளையாவது போடுங்கள். சிமென்ட் சாக்கு என்றால் உள்ளே வெளியே திருப்பி உதறிக் கழுவியாக வேண்டும், ஒட்டியிருக்கும் தூள் மண்ணைக் காரமாக்கிவிடும். செம்மண், நார்த்தூள், மட்கிய உரம் மூன்றும் சம பங்கு கலந்து பாதி உயரம் மட்டும் நிரப்பவும். முளை விட்ட 30 கிராம் இஞ்சித் துண்டுகள் மூன்றை, முளை மேலே பார்க்க 5 செ.மீ. ஆழத்தில் வைத்து, மேலே காய்ந்த இலை மூடாக்கு போடவும். பாதி நிரப்பியதற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிழங்கு வெளியே தெரியும்போது உரம் சேர்த்துச் சுருட்டலை அவிழ்த்துக்கொண்டே போகலாம்.

ஜூலை மழையில் தண்டின் அடி இளகி மஞ்சளானால் அழுகல் தொடங்கிவிட்டது. அந்தத் தூரை மண்ணோடு எடுத்துத் தள்ளி, சாக்கைச் செங்கல் மேல் ஏற்றுங்கள். தரையோடு உட்கார்ந்த சாக்கில் இது எளிதாக வரும். எட்டு ஒன்பது மாதத்தில் இலை காய்ந்ததும் கவிழ்த்துக் கொட்டி எடுக்கலாம். சாக்கு அந்த ஒரு பருவத்துக்குத்தான். விரலால் தேய்த்து நூல் உதிரத் தொடங்கிய சாக்கில் மீண்டும் நட வேண்டாம், பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

சிரட்டை, பாட்டில், தண்ணீர் தேங்கும் மற்றவை

கண்ணுள்ள பாதி நாற்றுக்கு, கண்ணில்லாத பாதி அகப்பைக்கு. மூன்று கண்ணில் ஒன்று மென்மையாக இருக்கும், ஆணியால் குத்தினாலே திறந்து வடிகாலாகிவிடும். மிளகாய், கத்தரி விதை இரண்டு போட்டு, 30 நாள் தாண்டியதும் மண்கட்டியோடு எடுத்து நடலாம். அகப்பைக்கு நாரைச் சுரண்டி, உடைந்த கண்ணாடியின் ஓரமும் பிறகு உப்புத்தாளும் கொண்டு தேய்த்து, விளிம்புக்கு 1.5 செ.மீ. கீழே எதிரெதிராக இரண்டு துளை போட்டு, ஒரு முனை மெலிந்த கமுகுச் சிலாகையை அடித்து இறக்குங்கள். காய்ந்த சிலாகையாக இருக்க வேண்டும். பச்சையாக அடித்தால் காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். தேங்காய் எண்ணெய் தடவி ஒரு நாள் வைத்தால் வெடிப்பு விடாது.

பெட் பாட்டிலைக் கவிழ்த்துச் செடிக்குச் சொட்டுநீர் விடுவதைப் பலரும் முயல்கிறார்கள். மூடியில் 1 மி.மீ. துளை மட்டும் போட்டால் சற்று நேரத்தில் சொட்டு நின்றுவிடும், உள்ளே காற்று போக வழியில்லை. அடிப்பக்கத்திலும் ஒரு துளை வேண்டும். பாட்டிலைப் பழைய துணியால் மூடினால் பாசி பிடித்து அடைக்காது.

கொசுவை மறந்து எதையும் வெளியே வைக்காதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த பாத்திரத்தின் விளிம்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும். ரப்பர் விளைகளில் பால் வெட்டாத மாதங்களில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான். உர வாளியின் கீழுள்ள தட்டு, சாக்கின் மடிப்பு, காலி டயர், நாற்றுச் சிரட்டை எல்லாவற்றையும் வாரம் ஒரு நாள் கவிழ்த்து, விளிம்பைத் தேய்த்துக் கழுவுங்கள்.

பூச்சிமருந்து டப்பா, ஆசிட் பாட்டில், டியூப்லைட், சி.எஃப்.எல். பல்பு, பேட்டரி ஆகியவற்றுக்கு வீட்டில் இரண்டாவது வேலை எதுவும் கொடுக்கக் கூடாது. மருந்து டப்பாவை மருந்து கலக்கும்போதே மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானுக்குள்ளேயே ஊற்றி, டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தனியே வையுங்கள். ஓட்டை போடாத டப்பாவைக் கண்டால் யாராவது கழுவி எண்ணெய் ஊற்றி வைத்துவிடுவார்கள்.